டாக்டர் இல்லாமல் மிட்வைஃபே பார்க்கும் பிரசவம்: பெண்களுக்கு அது எப்படி இருக்கிறது?

கேள்வி இதுதான்: "வங்கதேசம், ஆப்பிரிக்கா மாதிரி இடங்களில் டாக்டருக்குப் பதில் மிட்வைஃபே பிரசவம் பார்க்கிறார்களாமே. ஏழைகள்தானே என்று இரண்டாந்தர வைத்தியத்தைத் தள்ளிவிடுகிறார்களா? பெற்றெடுத்த பெண்கள் என்ன சொல்கிறார்கள்?"

நான் பதினோரு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அப்புறம் நர்சிங் மாணவிகளுக்கு மிட்வைஃபரி பாடம் எடுத்தேன். 2019-இல் நாலு மாதம் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகளின் முகாமில், ஒரு பிரசவ மையத்தில் இளம் மிட்வைஃப்களுடன் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தையும், இந்தத் துறையில் வெளிவந்ததைப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் 'மருத்துவச்சி' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். அதைச் சொன்னதுமே நமக்கு ஒரு கிழவி, விளக்கெண்ணெய், வெந்நீர்ப் பானை, ஒரு குறிப்பிட்ட சாதி என்று வரிசையாக ஞாபகம் வரும். வங்காளத்தில் அப்படிப்பட்ட கிராமத்துப் பெண்ணை 'தாய்' என்கிறார்கள். போன புதிதில் "தாய் வந்தாளா, தாய் என்ன சொன்னாள்" என்று அவர்கள் பேசிக்கொள்ளும்போது நான் ஒவ்வொரு முறையும் அம்மாவைத் தேடினேன். நான் இங்கே பேசுவது அந்த 'தாய்' பற்றி அல்ல. மூன்று வருஷம் படித்து, தேர்வெழுதி, உரிமம் வாங்கிய மிட்வைஃப் பற்றி. சாதாரணப் பிரசவத்தை அவளே முழுதாகப் பார்ப்பாள். அழாத குழந்தைக்கு மூச்சு வரவைப்பாள், ரத்தப்போக்குக்கும் வலிப்புக்கும் முதல் மருந்தைப் போடுவாள், தன் கையை மீறுகிறது என்று தெரிந்த நிமிஷம் டாக்டரிடம் அனுப்புவாள்.

டாக்டர் இல்லாத பிரசவம் என்றால் ஏதோ அந்நிய விஷயம் மாதிரி தோன்றுகிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோரைக் கையில் வாங்கியது ஸ்டாஃப் நர்ஸ்தான். ஆனால் அந்த நர்ஸ் தடுப்பூசியும் போடுவார், புண்ணுக்குக் கட்டும் கட்டுவார், ரிஜிஸ்டரும் எழுதுவார். பிரசவத்துக்கென்றே ஓர் ஆள் என்பதுதான் நமக்குப் புதிது.

வங்கதேசத்துக்கும் அது புதிதுதான். 2010-இல் ஐ.நா.வில் அந்த நாடு 3,000 மிட்வைஃப்களை உருவாக்குவதாக வாக்குக் கொடுத்தது. அதற்கப்புறம்தான் மூன்று வருஷ டிப்ளமோ படிப்பு வந்தது. 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உபசிலா ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு வைத்தார்கள். உபசிலா என்றால் ஏறத்தாழ நம் தாலுகா.

அந்த நாட்டுப் பெண்ணுக்கு அதுவரை இருந்த வழிகளைப் பாருங்கள். ஒன்று, வீட்டிலேயே அந்த 'தாய்' கையால் பெற்றுக்கொள்வது. வலி மெதுவாக வந்தால் ஊர் மருந்துக்கடைக்காரன் வந்து ஊசி போட்டு வலியை முடுக்கிவிடுவான். அளவு தெரியாமல் போடும் அந்த ஊசியில் கர்ப்பப்பை கிழியக்கூடும். இன்னொன்று, தனியார் கிளினிக், போனால் கத்திதான். 2004-இல் அங்கே நூறு பிரசவத்தில் சுமார் 4 மட்டுமே சிசேரியன். 2022-இல் 45. இத்தனைக்கும் அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றவர்களே நூற்றுக்கு 65 பேர்தான். அப்படியானால் வாசற்படி ஏறியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் வயிற்றில் தையலோடு திரும்பியிருக்கிறார்கள். மீதிப் பேரில் பலருக்கு வீட்டில் ரத்தம் போனால் பார்க்க ஆள் கிடையாது. ஒரே நாட்டில் இந்தப் பக்கம் பஞ்சம், அந்தப் பக்கம் அஜீரணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டுமென்றுதான் மிட்வைஃபைக் கொண்டுவந்தார்கள். மலிவு என்பதும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

சரி, பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

"டாக்டர் பார்த்தாரா, நர்ஸ் பார்த்தாரா" என்பது அவர்கள் பேச்சில் முதலில் வருவதே இல்லை. "பக்கத்திலேயே இருந்தாள்", "என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லிவிட்டுச் செய்தாள்", "துணி விலகினால் மூடிவிட்டாள்", "நடக்கவிட்டாள்", "என் அம்மாவை உள்ளே விட்டாள்". இவைதான் முதலில் வரும். குழந்தையின் எடை, தையல், செலவு எல்லாம் அப்புறம்.

முகாமில் பார்த்த ஒரு பிரசவத்தைச் சொல்கிறேன். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தார்ப்பாய், தரையில் கழுவித் துடைத்த பிளாஸ்டிக் பாய். ஒரு ரோஹிங்கியாப் பெண், மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் மியான்மரின் ராக்கைனில் வீட்டிலேயே பெற்றவை. கட்டிலைக் காட்டியதும் அதன் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தாள், ஏறவில்லை. நான் பழக்கதோஷத்தில் "ஏறிப் படும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மிட்வைஃபுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். வடக்கே ரங்பூர்ப் பக்கத்துப் பெண். சிட்டகாங் பேச்சு தெரிந்தால் ரோஹிங்கியாக்களுடன் ஒருவாறு சமாளிக்கலாம். இவளுக்கு அதுவும் வராது. முகாமைச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். மிட்வைஃப் கட்டிலைப் பற்றிப் பேசவே இல்லை. பாயை இழுத்துச் சுவரோரம் போட்டாள், மாமியாரை முதுகுக்குப் பின்னால் உட்காரச் சொன்னாள், இடுப்பில் எந்த இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கையைப் பிடித்துக் காட்டினாள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமியார் அதைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். குத்தவைத்த நிலையிலேயே குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம். மாமியார் முகம் மாறிவிட்டது, என்னவோ கேட்கிறாள், திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நஞ்சுக்கொடியை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. வீட்டில் என்றால் அவளே குழி தோண்டிப் புதைத்திருப்பாள். இங்கே நாய் இழுத்துப் போனால்? யாராவது எடுத்துப் போய் ஏதாவது செய்தால்? நானாக இருந்தால் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த மிட்வைஃபோ நஞ்சு இருந்த வாளியை மூடி எடுத்துக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு, மையத்துக்குப் பின்னால் இருந்த நஞ்சுக் குழிக்குப் போனாள். சிமென்ட் மூடியைத் திறந்து, அவள் கண் முன்னாலேயே கொட்டி, மூடிக் காட்டினாள். ஐந்து நிமிஷ வேலை. அடுத்த வாரம் அந்த மாமியார் பக்கத்துக் குடிசைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பிரசவ கால கவனிப்புக்கு விரிவான பரிந்துரைகளை வெளியிட்டது. விரும்பிய ஆள் துணைக்கு இருக்கலாம், விரும்பிய நிலையில் பெறலாம், எல்லோருக்கும் பிறப்புவாயைக் கீழே வெட்டித் தைக்கக் கூடாது, வயிற்றை மேலிருந்து அமுக்கக் கூடாது, கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கண்டிப்பாகத் திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அவசரப்படுத்தக் கூடாது. நான் படித்த காலத்தில் இவற்றில் பாதிக்கு நேர் எதிராகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ரங்பூர்ப் பெண் படித்ததே இந்தப் புதுப் பாடத்தில்தான். அனுபவம் குறைவு என்பது சில சமயம் கெட்ட பழக்கமும் குறைவு என்று ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த இளவயதே அவளுக்கு எதிராகவும் வேலை செய்தது. உள்ளே வரும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "உனக்குப் பிள்ளை இருக்கா?" இல்லை என்றால் ஒரு பார்வை. பெற்று அறியாதவளுக்குப் பேறுகால வலி என்ன தெரியும் என்ற நியாயம் நம் ஊரிலும் உண்டுதானே. பாகிஸ்தானில் இதே சிக்கல் பெரிதாக வந்தது. அங்கே கிராமப் பெண்களையே பதினெட்டு மாதம் பயிற்றுவித்து ஊருக்கு ஒரு மிட்வைஃப் என்று அனுப்பினார்கள். பலர் கல்யாணம் ஆகாதவர்கள். ராத்திரியில் அடுத்த தெருவுக்குப் போக வீட்டில் விடவில்லை. கூப்பிட்டவர்களும் பழைய 'தாய்' ஒருத்தியையே கூப்பிட்டார்கள். சான்றிதழைக் காட்டி ஊரின் நம்பிக்கையை வாங்க முடியவில்லை.

இனி மறுபக்கம். மிட்வைஃப் என்றாலே அன்பும் அரவணைப்பும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கானா, கினி, நைஜீரியா, மியான்மர் ஆகிய நான்கு நாடுகளில் பிரசவ அறைக்குள்ளேயே உட்கார்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கவனித்த 2,016 பெண்களில் 838 பேர் அடி, திட்டு, இழிவுபடுத்தல் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு ஆளாகியிருந்தார்கள். கீழே வெட்டப்பட்ட 253 பேரில் 190 பேரிடம் சம்மதமே கேட்கவில்லை. வயதில் சின்னவர்கள், படிக்காதவர்கள் அதிகம் பட்டார்கள். இதெல்லாம் உச்சத்துக்குப் போனது குழந்தை பிறப்பதற்கு அரைமணி முன்பிலிருந்து பிறந்து கால்மணி வரை. அதாவது அவளால் எழுந்து போகவோ எதிர்த்துப் பேசவோ முடியாத அந்த முக்கால் மணி நேரத்தில்.

அந்த நாடுகளில் பிரசவம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மிட்வைஃப்களும் நர்ஸ்களும்தான். திட்டியதும் பெண், திட்டு வாங்கியதும் பெண்.

இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. நான் செய்தது ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி, ஓர் அரசு ஆஸ்பத்திரி, இரவு ட்யூட்டி. ஒன்பது பேர் வலியில், நாங்கள் இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. பத்தொன்பது வயதுப் பெண், தலைப் பிரசவம், தலை தெரியும் நேரத்தில் பயந்துபோய்த் தொடையை இறுக்கிக்கொண்டாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த வார்டுகளில் என்ன சொல்வார்கள் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும், எழுத வேண்டாம். தொடையில் ஓங்கி ஒரு அடியும் வைத்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. "நார்மல் டெலிவரி, தாயும் சேயும் நலம்" என்று கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா வார்டு வாசலில் நின்று ஆயாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் இன்னிக்கு டூட்டில இல்லையே?" நான் திரைக்குப் பின்னால் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆயா ஒரு விநாடி தயங்கி, இல்லை என்றாள். நான் கருவிகள் அவிக்கும் அறைக்குள் போய்விட்டேன். அந்தப் பெண் பெற்று முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

ஆள் பற்றாக்குறை அடிப்பதற்கு நியாயமாகாது. ஆனால் அது இல்லாத மாதிரி நடித்து மிட்வைஃபுக்கு 'கனிவுப் பயிற்சி' மட்டும் கொடுத்துப் பயனில்லை. 93 நாடுகளின் 2,470 மிட்வைஃப்களிடம் கேட்டு 2016-இல் வந்த ஓர் அறிக்கையில், மூன்றில் ஒருவருக்கு மேல் தாங்களே வேலையிடத்தில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். சம்பளம் போதாது, ராத்திரி வீடு திரும்பப் பாதுகாப்பில்லை, டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். உலகத்துக்கே ஒன்பது லட்சம் மிட்வைஃப்கள் குறைவு என்று 2021-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் முதலியவை சேர்ந்து கணக்குச் சொன்னார்கள். வங்கதேசத்திலும், ஆள் இல்லை என்று மிட்வைஃபை இழுத்துப் பொது வார்டில் ஊசி போடவிட்ட இடங்கள் உண்டு. அப்படிச் செய்துவிட்டால் "பக்கத்திலேயே இருந்தாள்" என்று சொல்லப் பெண்ணுக்கு ஆளே இருக்காது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. மிட்வைஃபுக்கு நேரமும் இடமும் கொடுத்த ஊர்களில் பெண்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். கொடுக்காத ஊர்களில் அவளும் இன்னொரு சிடுசிடு நர்ஸ், அவ்வளவுதான்.

கர்ப்பம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின்வரை ஒரே மிட்வைஃப், அல்லது முகம் தெரிந்த இரண்டு மூன்று பேர் பார்ப்பது ஒரு முறை. இதில் பெண்களுக்குத் திருப்தி அதிகம், தேவையில்லாத தலையீடு குறைவு என்று சொல்லும்போது எல்லோரும் காட்டும் 2016-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில் 15 ஆய்வுகள், 17,674 பெண்கள். அத்தனையும் பணக்கார நாடுகள். ஆகவே "ஆராய்ச்சியே சொல்கிறது" என்று அதைத் தூக்கிக்கொண்டு ஏழை நாட்டுக்கு வருபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஏழ்மைக்கு நடுவில் இதைச் செய்து பார்த்த இடங்களில் எனக்குப் பிடித்தது பாலஸ்தீனத்தின் மேற்குக் கரை. 2013 முதல் அங்கே அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் வேலை செய்யும் மிட்வைஃப்களே சுற்றுக் கிராமங்களுக்கும் போனார்கள். கிராமத்து கிளினிக்கில் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள், போன் நம்பர் கொடுப்பார்கள், பெற்று வீடு திரும்பியபின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். வலி வந்த அன்று அவளேதான் ட்யூட்டியில் இருப்பாள் என்று சொல்ல முடியாது. ஆனால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்கு உள்ளே ஒரு தெரிந்த முகம் இருக்கிறது என்பதே பெரிய தெம்பு. அந்தப் பெண்கள் மற்றவர்களைவிடத் திருப்தியாக இருந்ததாகத்தான் ஆய்விலும் வந்தது.

இலங்கைத் தமிழர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அங்கே குடும்பநல உத்தியோகத்தர், பேச்சில் 'மிட்வைஃப் அக்கா', பல தலைமுறையாக வீடு தேடி வருகிறார். 1930-களில் லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் தாய்மாருக்கு மேல் இறந்த நாடு அது. இன்று அந்த எண் முப்பதை ஒட்டி இருக்கிறது. மலேரியா ஒழிப்பும் இலவச ஆஸ்பத்திரியும் சாலையும் சேர்ந்துதான் அது நடந்தது, மிட்வைஃப் மட்டும் அல்ல. ஆனால் அவர் இல்லாமல் நடந்திருக்காது.

இப்போது 'இரண்டாந்தரமா' என்ற கேள்விக்கு வருகிறேன். மிட்வைஃபுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழந்தை பிறந்தவுடன் போட வேண்டிய ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஃப்ரிட்ஜ் வேலை செய்யாவிட்டால், கையில் இருப்பது மருந்தா தண்ணீரா என்று மிட்வைஃபுக்கே தெரியாது. ரத்தம், தியேட்டர், வண்டி, இவை எட்டும் தூரத்தில் இருந்தால் மிட்வைஃப் பிரசவம் முதல்தரம். இல்லாவிட்டால் அவளையும் அந்தப் பெண்ணையும் சேர்த்துக் கைவிட்டதாகத்தான் அர்த்தம். பெண்கள் மிகக் கசப்போடு சொல்வதும் இந்த இடத்தைத்தான். இடையில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது. "ஏன் என்று யாரும் சொல்லவில்லை, வண்டியில் ஏற்றிவிட்டார்கள், போன இடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை." அதே நிலைமையில் மிட்வைஃபும் கூட ஏறிப் போய், அங்கே இருப்பவர்களிடம் விவரம் சொல்லி ஒப்படைத்திருந்தால், சிசேரியனில் முடிந்த பிரசவத்தைக்கூட நல்லபடியாக நடந்தது என்றே பெண்கள் சொல்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கட்டப் பல வருஷம் ஆகும், உடைக்க ஒரு உத்தரவு போதும். ஆப்கானிஸ்தானில் 2002-இல் நாடு முழுக்க 467 மிட்வைஃப்கள்தான் இருந்தார்கள். ஊரே தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களைப் பயிற்றுவித்து ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் பெண்களுக்கு அந்தப் படிப்பையும் தாலிபான் நிறுத்தியது. ஆண் டாக்டரிடம் பெண்களை அனுப்பாத குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இந்தியாவில் 2018-இல் மத்திய அரசு மிட்வைஃபரிக்குத் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நர்ஸாக இருப்பவர்களுக்குப் பதினெட்டு மாதக் கூடுதல் பயிற்சி. தெலங்கானா அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2019-21 கணக்கெடுப்பில் நூற்றில் அறுபது பிரசவம் சிசேரியனாக இருந்த மாநிலத்துக்கு அந்த அவசரம் புரிகிறது. அதில் தமிழ்நாடும் 45-ஐத் தொட்டு நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குத் துணை ஆள் இருக்கலாம் என்ற விதி இங்கே 2000-களிலேயே வந்துவிட்டது. எத்தனை வார்டில் கதவு திறக்கிறது என்பது வேறு கதை.

உங்கள் வீட்டில் யாராவது மிட்வைஃப் பார்க்கும் இடத்துக்குப் போக யோசித்தால், முன்கூட்டியே போய் மூன்று விஷயம் கேளுங்கள். வலியில் இருக்கும்போது உள்ளே ஆள் இருக்க விடுவார்களா? நடு ராத்திரி சிசேரியன் தேவைப்பட்டால் எங்கே, எத்தனை நிமிஷத்தில், கூட யார் வருவார்? மூன்றாவதை அங்கே கேட்க வேண்டாம், வெளியே கேளுங்கள். முதல் பிள்ளையை அங்கே பெற்றவர்கள் இரண்டாவதுக்கும் அங்கேயே போனார்களா? போனார்கள் என்றால், யார் ட்யூட்டியில் இருக்கிறார் என்று வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்களா, நேராக உள்ளே போனார்களா?